உடற்கட்டும் கறவை ஆயுளும்

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, கறவைப் பசு ஒன்று வாங்குவதற்காக அப்பாவுடன் மாட்டுச் சந்தைக்குப் போனேன். ஜெர்சிக் கலப்பினப் பசு, இரண்டாம் ஈற்று. உடன் வந்த தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்தார். நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்த்தார். மடியைத் தட்டிக் கொடுத்து, “வேளைக்கு ஆறு லிட்டருக்குக் குறையாது” என்றார். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட கேள்வி வேறு. “பாலெல்லாம் சரி, எத்தனை ஈத்துத் தாங்கும்?” தரகர் சிரித்தார். அப்பா பேசவில்லை.

பசு சொன்னபடியே பால் கறந்தது. ஆனால் நான்காம் ஈற்றில் மடி தொங்கிப் பின்னங்கால் மூட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. நடக்கும்போது கால் மடியில் இடித்தது. படுத்து எழும்போது காம்பு சேற்றில் தோய்ந்தது. மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்துப் போயிற்று. வாங்கிய விலையில் கால் பங்குக்கு அதை விற்றோம். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

அம்மாவின் கேள்விக்கு விடை தேடிய கதை ஒன்று உண்டு. அது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த கதை. நான் இயற்பியல் கற்பிப்பவன். கால்நடை மருத்துவன் அல்லன். ஆயினும் தொங்கும் எடையும், தாங்கும் நாரும், முறியும் பொருளும் எங்கள் துறைக்கு அந்நியமானவை அல்ல. இந்தக் கதையின் முக்கியமான ஒரு கட்டத்தில், உருக்கு முறிவதைப் பற்றி ஆராய்ந்த ஒரு பொறியாளரே மாட்டுக்காரர்களுக்கு உதவிக்கு வந்தார் என்பதையும் பின்னர் காண்போம்.

மயிரைப் படித்த மனிதர்

சுழி பார்த்து மாடு வாங்குவது நம் நாட்டு வழக்கம் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம். பிரான்சு நாட்டில் போர்தோ நகரை அடுத்த பகுதியில் பிரான்சுவா கெனோன் என்பவர் வாழ்ந்தார். சிறுவனாக இருந்தபோது, வீட்டிலிருந்த ஒரே பசுவை மேய்த்துக்கொண்டு, பொழுது போவதற்காக அதன் உடலைத் தேய்த்துவிடுவது அவர் வழக்கம். மடிக்குப் பின்புறத்தில், தொடைகளுக்கிடையே, மயிர் கீழ்நோக்கி வளராமல் மேல்நோக்கி வளர்ந்திருப்பதை அவர் கவனித்தார். அந்தப் பகுதி ஒவ்வொரு பசுவிலும் வெவ்வேறு வடிவில் இருந்தது. வடிவம் அகன்றிருந்தால் பால் மிகுதி, குறுகியிருந்தால் பால் குறைவு என்று அவர் முடிவுகட்டினார். அந்த வடிவத்துக்குக் ‘கேடயம்’ என்று பெயரிட்டு, வகைகளாகவும் படிகளாகவும் பிரித்து 1838இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

நூல் கடல் கடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இம்முறையைச் சோதிக்க 1878இல் ஒரு குழுவையே அமைத்தது. பிற்காலத்தில் பால் அளவுகளைக் கணித முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்தபோது கேடயம் கைவிட்டுவிட்டது. மயிர் எத்திசையில் வளர்கிறது என்பதற்கும் மடிக்குள் எவ்வளவு பால் சுரக்கிறது என்பதற்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு இல்லை.

கெனோனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் காலத்து வாங்குபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சந்தையில் நிற்கும் பசுவின் ஆண்டுப் பால் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. விற்பவர் சொல்வதை நம்பவும் முடியாது. கண்ணுக்குத் தெரிவதிலிருந்து கண்ணுக்குத் தெரியாததை ஊகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நெற்றிச் சுழியைப் பார்த்த எங்கள் தரகரும் அதே நிலையில்தான் நின்றார்.

இரண்டு பசுக்களைச் சேர்த்து ஒரு பசு

எங்கள் வீட்டுப் பசுவின் பாதிக் குருதி எங்கிருந்து வந்ததோ, அந்த ஜெர்சித் தீவு பிரான்சின் கரைக்கு அருகே, ஆங்கிலக் கால்வாயில் இருக்கிறது. பசுவின் உடலுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தின் வரலாற்றில் அத்தீவுக்குத் தனி இடம் உண்டு. அங்கே 1833இல் ஒரு வேளாண் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1834இல், கர்னல் ஜான் லெ கூத்தூரும் அவருடைய தோழர்களும் ஒரு மதிப்பெண் பட்டியலை வகுத்தனர். அவர்கள் அதை வகுத்த முறை வேடிக்கையானது. தீவின் அழகிய பசுக்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றன் முன்னுடலும் வயிற்றுப் பகுதியும் குறையற்றவை என்று கருதப்பட்டன. மற்றொன்றின் பின்னுடல் குறையற்றது என்று கருதப்பட்டது. இரண்டையும் மனத்தில் ஒட்டவைத்து, எங்குமே இல்லாத ஒரு முழுமையான பசுவை உருவாக்கினர். தலை, கண், காது, முதுகு, மடி, காம்பு என்று உறுப்புக்கு உறுப்பு புள்ளிகள் வகுக்கப்பட்டன.

லெ கூத்தூர் அறியாதவர் அல்லர். கோதுமை வகைகளைத் தனித்தனியே விதைத்து, விளைச்சலை நிறுத்துப் பார்த்து, சிறந்த வகையைத் தேர்ந்தெடுத்தவர் என்று வேளாண் வரலாறு அவரைப் போற்றுகிறது. 1836இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். கோதுமையைத் தராசில் நிறுத்த அதே மனிதர் பசுவைக் கண்ணால் நிறுத்தார். ஏன்? கோதுமைக்குத் தராசு இருந்தது; பாலின் தரத்துக்கு அப்போது தராசு இல்லை.

அந்தத் தராசு 1890இல் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியலார், பாலில் கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றி, மேலே திரளும் கொழுப்பை அளவுக் கோடுகள் உள்ள குப்பியின் கழுத்தில் நேரே படித்தறியும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1895இல் டென்மார்க்கின் வேயென் என்ற ஊரில் உழவர்கள் கூடி, பசுவாரியாகப் பாலை அளந்து குறிக்கும் முதற் சங்கத்தைத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல நாடுகளில் பால் ஏடுகள் குவிந்தன.

ஏடு வந்ததும் அழகுக்குத் தேர்வு வந்தது. 1920களில் அமெரிக்காவின் மெய்ன் மாநில ஆய்வு நிலையத்தில் ஜான் கோவன், ஜெர்சிப் பசுக்களின் உடல் மதிப்பெண்களையும் பால் அளவுகளையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டார். இரண்டுக்கும் இடையிலிருந்த ஒட்டுறவு வலுவற்றது என்று தெரிந்தது.

இங்கே மாணவர்களுக்காக ஒரு சொல். ஒட்டுறவு எண் 1 என்றால் ஒன்றை அறிந்தால் மற்றதை முழுவதும் அறியலாம். 0 என்றால் ஒன்றும் அறிய முடியாது. இடைப்பட்ட எண்ணை எப்படிப் படிப்பது? அதன் இருமடியைப் பாருங்கள். ஒட்டுறவு 0.2 என்று வைத்துக்கொண்டால் இருமடி 0.04. அதாவது பசுவுக்குப் பசு பாலில் காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் உடல் மதிப்பெண் விளக்குகிறது. மீதித் தொண்ணூற்றாறு பங்கு வேறெங்கோ இருக்கிறது. எவ்வளவு பால் என்று அறிய வேண்டுமானால் பாலை அளப்பதே வழி.

வெண்கலப் பசுவும் மதிப்பெண் அட்டையும்

இத்துடன் உடற்கட்டுப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சங்கம் 1922இல் ‘உண்மை வடிவம்’ என்ற பெயரில் மாதிரிப் பசுவையும் மாதிரிக் காளையையும் ஓவியமாகவும் சிலையாகவும் செய்வித்தது. சிலைகளைச் செய்தவர் கோஸோ காவாமுரா என்ற ஜப்பானியச் சிற்பி. 1929இல் பண்ணை பண்ணையாகச் சென்று ஒவ்வொரு பசுவுக்கும் தரம் வழங்கும் திட்டத்தை அச்சங்கம் தொடங்கியது. 1943இல் பல இனங்களின் சங்கங்கள் கூடி ஒரே மதிப்பெண் அட்டையை ஏற்றன. மொத்தம் 100 மதிப்பெண். பொதுத் தோற்றத்துக்கு 30, கறவைத் தன்மைக்கு 20, உடற்கொள்ளளவுக்கு 20, மடிக்கு 30.

‘கறவைத் தன்மை’ என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். விலா எலும்பு தெரிய, திமில் எலும்பு கூர்மையாக, சதைப்பற்று இல்லாமல் ஆப்பு வடிவில் இருக்கும் பசுவுக்கே அந்த 20 மதிப்பெண். தின்னும் தீனியைச் சதையாக்காமல் பாலாக்குகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்த 20 மதிப்பெண்ணின் கதி என்னாயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

அழகு பாலைக் காட்டாது என்று தெரிந்த பின்னரும் அட்டையை ஏன் வைத்திருந்தார்கள்? வளர்ப்போர் சொன்ன விடை இது: “நல்ல உடற்கட்டுள்ள பசு நீடித்து உழைக்கும்.” கேள்வி இங்கே திசை மாறியது. ‘எவ்வளவு கறக்கும்?’ என்பது போய் ‘எத்தனை காலம் கறக்கும்?’ என்பது வந்தது. எங்கள் அம்மா கேட்ட கேள்வியும் இதுதான்.

இது சிறிய கேள்வியன்று. ஒரு கன்று பிறந்து, கிடேரியாகி, முதற் கன்று ஈன இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். நம் ஊர்க் கலப்பினங்களில் பெரும்பாலும் அதற்கும் மேல் ஆகும். அதுவரை ஒரு சொட்டுப் பால் இல்லை, செலவு மட்டுமே. முதல் ஈற்றில் கறக்கும் பால் ஈற்றுக்கு ஈற்று கூடி, நான்காம் ஐந்தாம் ஈற்றில்தான் உச்சத்தை எட்டும். மேலைநாட்டுப் பெரும் பண்ணைகளிலோ சராசரிப் பசு மூன்று ஈற்றுக்குள், ஏறத்தாழ ஐந்து வயதில், பண்ணையை விட்டுப் போய்விடுகிறது. உச்சத்தை எட்டும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. பசுவின் இயற்கை ஆயுள் இதனினும் மிக நீண்டது. இருபது ஆண்டு வாழ்வது அரிதன்று. அயர்லாந்தில் 1945இல் பிறந்த ‘பெரிய பெர்த்தா’ என்ற பசு 39 கன்று ஈன்று, 48 வயது வாழ்ந்து, 1993இல் இறந்தது. அது உலக விந்தை, கணக்கில் சேராது. என்றாலும் ஐந்துக்கும் இருபதுக்கும் இடையே இழக்கப்படும் ஆண்டுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

முறியும் பொருள்களின் கணக்கு

ஆனால் ‘நீடித்து உழைக்கும்’ என்று சொல்வது எளிது, மெய்ப்பிப்பது கடினம். இதில் மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, தீர்ப்பும் அளவும் கலந்து கிடந்தமை. ‘மிக நன்று’, ‘நன்று’ என்று தரம் போட்டால், நடுவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாது. மேசை நல்ல மேசையா என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். மேசையின் உயரம் என்ன என்று கேட்டால் ஒரே விடை வரும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் பாடம் இது. மாட்டுத் துறை இதை 1970களின் பிற்பகுதியில் எடுத்துக்கொண்டது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் சங்கம் 1983இல் நேரளவு மதிப்பீட்டுக்கு மாறியது. ஒவ்வொரு உறுப்பும் ஒரு கடைக்கோடியிலிருந்து மறு கடைக்கோடி வரை எங்கே நிற்கிறது என்று மட்டும் குறிக்க வேண்டும்; அது நல்லதா கெட்டதா என்று சொல்லக் கூடாது. இன்று பன்னாட்டு வழக்கில் உள்ள 1 முதல் 9 வரையான அளவில், மடியின் அடித்தளம் பின்னங்கால் மூட்டின் மட்டத்தில் இருந்தால் 2. அதற்கு மேல் ஒவ்வொரு 3 சென்டிமீட்டருக்கும் ஓர் எண் கூடும். எது நல்லது என்பதைப் பசுவின் ஆயுளே பின்னர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது தடை, ஆயுளை அளப்பதிலேயே இருந்தது. பசு விலகும்வரை காத்திருந்தால் பத்தாண்டு போய்விடும். இன்று உயிரோடு கறந்துகொண்டிருக்கும் பசுவின் ஆயுள் என்ன? ‘இதுவரை நான்கு ஈற்று, இன்னும் இருக்கிறது’ என்பதுதான் விடை. இந்த முற்றுப்பெறாத பதிவுகளை ஒதுக்கிவிட்டால், நீடித்து வாழும் பசுக்களையே ஒதுக்கியதாகும். சேர்த்துக்கொண்டால் எந்த எண்ணைப் போடுவது?

கதிரியக்க அணுவுக்கு இச்சிக்கல் எளிது. யுரேனிய அணு ஒன்று கோடி ஆண்டு இருந்தாலும் அது கிழடாவதில்லை. அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு என்றும் ஒன்றே. ஆகவே அரை ஆயுள் என்ற ஒரே எண் போதும். பசு அப்படியன்று, ஈற்றுக்கு ஈற்று விலகும் வாய்ப்பு கூடுகிறது. உருக்குக் கம்பியும் அப்படியே. தளர்ந்து, தளர்ந்து, ஒருநாள் முறிகிறது. சுவீடன் நாட்டுப் பொறியாளர் வாலோடி வெய்புல், பொருள்களின் வலிமையை ஆராய்ந்து 1939இலும் 1951இலும் வெளியிட்ட பரவல் வாய்பாடு, காலம் செல்லச் செல்ல முறிவு வாய்ப்பு எப்படி மாறுகிறது என்பதை இரண்டே எண்களால் எழுதிவிடுகிறது. 1972இல் ஆங்கிலேயப் புள்ளியியலார் டேவிட் காக்ஸ், இன்னும் முடியாத ஆயுள்களையும் கணக்கில் சேர்த்து, எந்தக் காரணி விலகும் வாய்ப்பை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று கணிக்கும் வழியைத் தந்தார். 1984இல் ஸ்மித், குவாஸ் என்ற இருவர் இக்கணக்கைப் பொலிகாளைகளின் மகள்களுக்குப் பொருத்தினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் வின்சென்ட் துக்ரோக் அதை விரித்து, இலட்சக்கணக்கான பசுக்களுக்குச் செய்யக்கூடியதாக்கினார். உருளைத் தாங்கி தேய்வதைக் கணிக்கும் அதே கணிதம் மாட்டுக் கொட்டகைக்குள் வந்தது. 1994 முதல் அமெரிக்க வேளாண் துறை ஒவ்வொரு பொலிகாளைக்கும் ‘உழைப்பு ஆயுள்’ என்ற எண்ணை வெளியிடத் தொடங்கியது.

மூன்றாவது தடைதான் சூழ்ச்சியானது. அழகான பசு நீடித்து இருப்பது அதன் உடற்கட்டின் வலிமையாலா, அல்லது அழகாக இருக்கிறதே என்று சொந்தக்காரர் விற்காமல் வைத்திருப்பதாலா? கண்காட்சிப் பரிசு வாங்கும் வம்சப் பசுவுக்குக் கூடுதல் விலை உண்டு. கால் சற்று நொண்டினாலும் மருந்து போட்டு வைத்துக்கொள்வார்கள். வம்சப் பதிவுள்ள பசுக்களையும் பதிவில்லாத பசுக்களையும் தனித்தனியே ஆராய்ந்தபோது, பதிவுள்ளவற்றில் அழகுக்கும் ஆயுளுக்கும் உறவு கூடுதலாகவும், மற்றவற்றில் குறைவாகவும் தெரிந்தது. ஆக, உறவின் ஒரு பகுதி மனிதனின் விருப்பத்தால் வந்தது. பால் குறைவால் விற்கப்படுவதும் இப்படியே கணக்கைக் குழப்பும். எனவே பால் அளவின் விளைவைக் கழித்துவிட்டு, பசு தன் உடற்குறையால் வெளியேறாமல் தாக்குப்பிடிக்கும் காலத்தைத் தனியே கணக்கிட்டார்கள்.

தொங்கும் எடை

இவ்வளவு சல்லடைகளிலும் சலித்த பிறகு எஞ்சி நின்றது எது? முதலில் மடி. அதிலும் மடியின் ஆழமும், வயிற்றோடு அது முன்புறம் ஒட்டியிருக்கும் உறுதியும். நாடு மாறினாலும் இனம் மாறினாலும் பெரும்பாலான ஆய்வுகளில் இவையே முன்வரிசையில் நிற்கின்றன.

காரணம் இயற்பியல் மாணவனுக்கு உடனே விளங்கும். மடிக்கு எலும்பு இல்லை. அது வயிற்றுக்குக் கீழே தொங்கும் ஒரு பை. அதைத் தாங்குபவை இருவகை நார்ப்பட்டைகள். இரு பக்கங்களிலும் நீளாத வெண்ணார். நடுவே இடது வலது மடிகளைப் பிரித்துச் செல்லும் மீள்திறனுள்ள நார். பால் நிறையும்போது நடுநார் நீள்கிறது, கறந்ததும் சுருங்குகிறது. வேளைக்குப் பத்து லிட்டர் என்றால், பாலின் அடர்த்தி 1.03 என்பதால், மடியின் சொந்த எடைக்கு மேல் 10.3 கிலோகிராம் ஏறி இறங்குகிறது. நாளுக்கு இரு வேளை, ஈற்றுக்கு 305 நாள் என்று கொண்டால் 610 முறை. நான்கு ஈற்றில் 2,440 முறை. உயிருள்ள நார் தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும். உருக்கு அப்படிச் செய்யாது. எனினும் பழுதுபார்க்கும் வேகத்தைத் தளர்ச்சியின் வேகம் மிஞ்சினால், நடுநார் நிரந்தரமாக நீண்டுவிடும். அப்போது மடியின் நடுப்பள்ளம் மறைந்து அடித்தளம் உருண்டையாகும்; காம்புகள் வெளிப்புறமாக விரியும்; மடி மூட்டுக்குக் கீழே இறங்கும். அதன்பின் மிதிபடுவதும், சேறு படிவதும், மடிநோய் வருவதும் வரிசையாக நடக்கும். எங்கள் வீட்டில் நடந்ததும் அந்த வரிசையே.

காம்பின் கதை சற்று வேறு. நீளக் காம்பும் ஆகாது, குட்டைக் காம்பும் ஆகாது, நடுத்தரமே நலம். அந்த நடுத்தரம் எது என்பதும் கறப்பவரைப் பொறுத்தது. கையால் கறப்பவருக்கு நான்கு விரல் பிடிக்க இடம் வேண்டும். 1992இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் தானே கறக்கும் எந்திர மனிதன் வந்த பிறகு, பின்காம்புகள் இரண்டும் நெருங்கி ஒட்டியிருப்பது புதிய குறையாயிற்று. எந்திரத்தின் கண் இரண்டையும் ஒன்றாகக் கண்டுவிடுகிறது. முன்பு அதே நெருக்கம் உறுதியான நடுநாரின் அடையாளமென்று மதிக்கப்பட்டது.

அடுத்தது கால். பின்னங்காலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அரிவாள்போல் மிகவும் வளைந்திருப்பதும் குறை, கம்பம்போல் நேராக இருப்பதும் குறை. வளைந்தால் எடை குதிப்பக்கம் சாய்கிறது. நேராக இருந்தால் மூட்டில் அதிர்வைத் தாங்கும் வில் இல்லாமற்போகிறது. குளம்பின் முன்சுவர் தரையோடு அமைக்கும் கோணம் தாழ்ந்தாலும் எடை பின்னோக்கிப் போகும். குளம்புப் புண் பெரும்பாலும் பின்னங்காலின் வெளிக்குளம்பிலேயே வருவதைக் கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆனால் ஆயுளோடு காலுக்குள்ள தொடர்பு மடியின் தொடர்பைவிடத் தளர்வானதாகவே கணக்கில் தெரிகிறது. நிற்கும் காலைப் பார்ப்பதைவிட நடக்கும் காலைப் பார்ப்பது நன்று என்று இப்போது நடையையும் மதிப்பிடுகிறார்கள்.

இனி, அழகென்று போற்றப்பட்ட மற்றவற்றின் கதி. பெரிய, உயர்ந்த பசுவே சிறந்தது என்று கண்காட்சி நடுவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் 1966இல் ஒரு பொறுமையான சோதனையைத் தொடங்கியது. ஒரே மந்தையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெரிய உடல் தரும் காளைகள், மறு பாதிக்குச் சிறிய உடல் தரும் காளைகள் என்று தலைமுறை தலைமுறையாக இனச்சேர்க்கை செய்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, சிறிய வம்சத்துப் பசுக்களே கூடுதல் காலம் உழைத்தன. அடுத்த ஆண்டே அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார மதிப்பெண்ணில் உடற்பருமனுக்குக் கழித்தல் குறி விழுந்தது.

மெலிந்து கூர்த்த ‘கறவைத் தன்மை’யின் முடிவு எனக்கு மிகவும் வியப்பளித்தது. அது மிகுந்த பசு கூடுதலாகக் கறக்கிறது என்பது உண்மையே. ஆனால் பால் விளைவைக் கழித்துப் பார்த்தால் அதன் ஆயுள் கூடவில்லை. நோய்களோடு அதற்கு வேண்டாத உறவு இருப்பதையும் 1990களின் ஆய்வுகள் காட்டின. எலும்பு தெரியும் பசு, தன் உடலிலிருந்தே எடுத்துப் பாலாக்கிக்கொண்டிருக்கும் பசுவாக இருக்கலாம். 2009இல் திருத்தப்பட்ட அமெரிக்க அட்டையில் அத்தலைப்பு ‘கறவை வலிமை’ என்று மாறி, உடலின் திண்மையையும் சேர்த்துக்கொண்டது. 1943இல் 30 ஆக இருந்த மடியின் பங்கு இன்று 40.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு பசுவைப் பார்த்ததும் அதன் ஆயுளைச் சொல்லிவிடலாமா? முடியாது. உழைப்பு ஆயுளில் மரபுவழிப் பங்கு சிறியது. பெரும்பாலான கணிப்புகளில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. சினை பிடிக்காமை, மடிநோய், தீனி, கொட்டகைத் தரை, சொந்தக்காரரின் கடன் எல்லாம் சேர்ந்தே மீதியைத் தீர்மானிக்கின்றன. உடற்கட்டின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஆயுள் தெரியப் பல ஆண்டு ஆகும். மடியின் ஆழமோ முதல் ஈற்றிலேயே தெரிந்துவிடும், மரபுவழிப் பங்கும் அதில் கூடுதல். ஆகவே ஒரு காளையின் மகள்கள் விலகும்வரை காத்திராமல், அவற்றின் முதல் ஈற்று மடியைக் கொண்டே காளையை முன்கூட்டி எடைபோடலாம். 2009 முதல் மரபணுக் குறிகளைப் படித்து, கன்றாக இருக்கும்போதே இக்கணிப்பைச் செய்கிறார்கள். அந்தக் குறிகளுக்குப் பொருள் கற்பித்தவையும், கணுவுக்கும் மடிக்கும் இடையே சென்டிமீட்டர் எண்ணிய அந்தப் பழைய ஏடுகளே.

சென்ற தை மாதம் உறவினர் ஒருவருக்காக மீண்டும் ஒரு சந்தைக்குப் போனேன். இரண்டாம் ஈற்றுப் பசு, காலைப் பால் இன்னும் கறக்கவில்லை. தரகர் சுழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய்க் குனிந்து, பின்னங்கால் மூட்டின் நுனிக்கும் மடியின் அடிக்கும் இடையே விரல் வைத்துப் பார்த்தேன். “என்ன வாத்தியாரே, அங்கே போய் என்ன அளக்கறீங்க?” என்றார் தரகர். நிறைந்த மடி மூட்டுக்கு மேலே நான்கு விரற்கடை நின்றது. நடுப்பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. பத்தடி நடத்திக் காட்டச் சொன்னேன்.